கணனியின் விசிறிச் சத்தமும் கடைக்கணக்கும்

கடையில் கணனி வைத்திருக்கும் சகோதரர்கள் பலர் அதன் இரைச்சலைப் பற்றி முறைப்படுவதுண்டு. என் கடை சாட்டிக் கடற்கரைப் பக்கம். அங்கே இந்தத் தொல்லை சற்று அதிகம். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒருநாள் நயினாதீவிலிருந்து ஒரு வியாபாரி போனில் ஓடர் தந்தார். அவர் கேட்டது ஏழு மா மூட்டை. மேசையின் கீழ் கணனி போட்ட இரைச்சலில் எனக்குக் கேட்டது பதினேழு. குறிகட்டுவான் வரை லொறியிலும் அதன்பின் படகிலும் போன பத்து மூட்டை அதே வழியில் திரும்பி வந்தது. ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் என் தலையில்.

"இந்தச் சத்தத்தை ஒருவழி பண்ணுங்கள் தம்பி" என்று பழுது பார்க்கிற ஒரு பையனிடம் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து, பின்பக்கம் இருந்த விசிறியின் வயரைக் கழற்றிவிட்டு, "இனிச் சத்தம் வராது நானா" என்று சொல்லிப் போய்விட்டார். உண்மையில் சத்தம் குறைந்துதான் இருந்தது. நாலாம் நாள் பகல் வெயிலில், கடன் கணக்குப் பதிந்துகொண்டிருக்கும்போதே கணனி படக்கென்று நின்றது. திரும்பப் போட்டுப் பார்த்தால் அன்று காலையில் பதிந்ததில் பாதி இல்லை. சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடுகிறது. நான் எழுதித்தான் வைத்தேன், ஆனால் இயந்திரத்தில் மட்டும். நல்லவேளை, மகன் பழைய பழக்கத்தில் கொப்பியிலும் குறித்து வைத்திருந்தார்.

பிறகுதான் விஷயத்தை விசாரித்துப் படித்தேன். கணனியின் மூளையாகிய புரொசசர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். விசிறி கத்துவது அந்தச் சூட்டை வெளியேற்ற அது படும் பாடு. ஆகவே விசிறியை நிறுத்துவது மருந்தல்ல, சூட்டைக் குறைப்பதே மருந்து.

எங்கள் கரையோரத்தில் சூட்டுக்கு முதற்காரணம் தூசி. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியை ஒட்டவைக்கும். என் கணனியைத் திறந்தபோது புரொசசரின் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் அடைத்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, வயரைக் கழற்றி, மெல்லிய தூரிகையாலும் புளோவராலும் சுத்தம் செய்தோம். புளோவர் அடிக்கும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தாறுமாறாகச் சுழன்று பெயாரிங் கெட்டுவிடும். தகட்டைக் கழற்றினால், அடியிலுள்ள பழைய பசையைத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதுப்பசை வைக்காமல் மாட்டக்கூடாது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அறிய, பத்திரிகைத் தாளைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்துக் கேளுங்கள். வெறும் காற்றிரைச்சல் என்றால் விசிறி வேகமாக ஓடுகிறது. கரகரவென்றால் பெயாரிங் தேய்ந்துவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில காலம் தள்ளலாம், ஆனால் புதிது போடுவதே நல்லது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். தகரம் அதிர்கிற சத்தம் என்றால் ஸ்குரூவை இறுக்கி, ரப்பர் வைத்தாலே போதும்.

புது விசிறி வாங்கும்போது பெட்டியில் இடமிருந்தால் 80 மில்லிமீற்றருக்குப் பதில் 120 மில்லிமீற்றர் வாங்குங்கள். விட்டம் ஒன்றரை மடங்கானால், ஒரே வேகத்தில் தள்ளும் காற்று மூன்று மடங்குக்கும் மேல் என்பது விசிறிக் கணக்கு. எனவே பெரியது மெதுவாகச் சுற்றினாலே போதும். வேகம் பாதியானால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். நாலு கம்பி உள்ள விசிறியென்றால், சூட்டுக்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும்படி மதர்போர்ட் தானே பார்த்துக்கொள்ளும். அந்த வசதியை பயோஸில் போட்டுவிட வேண்டும்.

பவர் சப்ளை பெட்டியின் விசிறி கத்தினால் அதைத் திறக்கவே வேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். முழுதாக மாற்றுங்கள், உயிரைவிட அது மலிவு.

நான் கணனியை மேசையின் கீழிருந்து எடுத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், பின்புறம் சுவர் ஒட்டாமல் வைத்திருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ், இப்போது போனில் கேட்பது சரியாகக் கேட்கிறது. சோளகம் தொடங்க முன் ஒருமுறையும், ஓய்ந்த பின் ஒருமுறையும் திறந்து துப்புரவு செய்கிறோம். இரவு கடை பூட்டும்போது அன்றைய கணக்கைப் பென் டிரைவில் பிரதி எடுக்கிறேன். மகன் கொப்பியிலும் எழுதுகிறார், நான் தடுப்பதில்லை.