ஆளை அளக்கும் கேஜ்



மெட்ராலஜி லேபில் முதன்முதலாக கோ, நோ-கோ கேஜைக் கையில் வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? கோ பக்கம் துளைக்குள் போக வேண்டும், நோ-கோ பக்கம் போகக் கூடாது. அப்படி இருந்தால் ஜாப் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். அவ்வளவுதான். அளவைப் படிக்க வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். ஆனால் அந்த கேஜே தப்பாக இருந்தால்? நல்ல ஜாப் எல்லாம் குப்பைக்குப் போகும். சோதிப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் போகும்!

கம்ப்யூட்டர் கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுப்பதும் இப்படித்தான். இதைப் பற்றி கேன்டீனில் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "தகுதி இருந்தா எடுப்பான், இல்லைன்னா விடுவான். இதுல நியாயம் அநியாயம் எங்க வந்துச்சு?" என்பது ஒரு கட்சி. "எல்லாம் ஆளைப் பார்த்துத்தான்டா எடுக்கறான்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. தகுதியை எந்த கேஜ் வைத்து அளந்தார்கள்? அந்த கேஜை எதைப் பார்த்துச் செய்தார்கள்?

ஸ்டோரைப் பார்த்துச் செய்த கேஜ்

அமேசான் கம்பெனி 2014-ல் ஒரு முயற்சியில் இறங்கியது. வந்து குவியும் பயோடேட்டாக்களைப் படித்து, கடையில் சாமானுக்கு நட்சத்திரம் போடுவது மாதிரி, ஆளுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போடும் ஒரு புரோகிராம். அதற்குப் பாடமாகக் கொடுத்தது, முந்தைய பத்து ஆண்டுகளில் அந்தக் கம்பெனிக்கு வந்த விண்ணப்பங்களை. அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை.

விளைவு என்ன? ஆண்தான் பொருத்தமான ஆள் என்று மெஷின் தானாகவே கற்றுக்கொண்டது! 'பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவி' என்பது போல 'பெண்கள்' என்ற சொல் பயோடேட்டாவில் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களைக் கீழே தள்ளியது. 2015-லேயே கம்பெனிக்கு இது தெரிந்துவிட்டது. அந்தச் சொற்களை மட்டும் சரிசெய்து பார்த்தார்கள். ஆனால் மெஷின் வேறு வழியில் பாகுபாடு காட்டாது என்று உறுதி சொல்ல முடியவில்லை. 2017 தொடக்கத்தில் அந்தக் குழுவையே கலைத்துவிட்டார்கள். 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆள் எடுக்கும் அதிகாரிகள் யாரும் அதை வைத்து விண்ணப்பதாரர்களை எடைபோடவில்லை என்று கம்பெனி சொன்னது.

இதில் யாராவது பெண்களை ஒதுக்க வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போட்டார்களா? இல்லை. டிராயிங்கைப் பார்த்து கேஜ் செய்யாமல், ஸ்டோரில் ஏற்கெனவே கிடந்த ஜாப்களைப் பார்த்து கேஜ் செய்தார்கள். அதுதான் தப்பு!

இது மெஷின் வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். 1966-ல் கேனன், பெர்ரி என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள், நல்ல புரோகிராமர் எப்படிப்பட்டவர் என்று கண்டுபிடிக்க 1,378 புரோகிராமர்களை ஆராய்ந்தார்கள். அதில் ஆண்கள் 1,192 பேர், பெண்கள் 186 பேர். புதிர் போடுவதில் ஆசை உள்ளவர்கள், மனிதர்களோடு பழகுவதில் ஆர்வம் இல்லாதவர்கள் என்று முடிவு சொன்னார்கள். இப்படிப்பட்ட அளவுகோல்களை வைத்து ஆளெடுத்ததால், கலகலப்பாகப் பேசாத ஆண்தான் நல்ல புரோகிராமர் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது என்று பின்னாளில் வரலாற்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இத்தனைக்கும் 1940-களில் எனியாக் கம்ப்யூட்டருக்கு முதன்முதலில் புரோகிராம் எழுதியவர்கள் ஆறு பெண்கள்!

டிராயிங்கில் இல்லாத அளவு

இன்னொரு வகைப் பிழை நம்மை நேராகவே தொடுகிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு பவர் ஹவுஸ் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் கம்பெனியின் அனல் மின் நிலையம். கறுப்பினத் தொழிலாளிகளுக்கு அங்கே கூலிப் பிரிவில் மட்டும்தான் இடம். இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2-ல் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி, மற்ற பிரிவுகளில் புதிதாகச் சேர பள்ளிச் சான்றிதழோடு எழுத்துத் தேர்வுகளிலும் தேற வேண்டும் என்று விதி போட்டது. ஆனால் சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் அதே வேலையை நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள்!

1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்கும் தகுதி, செய்யப்போகும் வேலையோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு விதி போட்டேன் என்றால் மட்டும் போதாது. நம் பாஷையில் சொன்னால், டிராயிங்கில் கேட்காத அளவை வைத்து ஜாப்பை ரிஜெக்ட் செய்யாதே!

டிப்ளமா படித்த நமக்கு இது புரியாதா? நாம் செய்யக்கூடிய வேலைக்கே 'டிகிரி வேண்டும்' என்று போட்டால், அதுவும் டிராயிங்கில் இல்லாத அளவுதானே? அமெரிக்காவில் பல கம்பெனிகள் விளம்பரத்திலிருந்து டிகிரி நிபந்தனையை எடுத்துவிட்டோம் என்று பெருமையாக அறிவித்தன. ஆனால் 2024-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் கணக்குப் பார்த்தபோது, அந்த மாற்றத்தால் வேலை கிடைத்தவர்கள் 700 பேரில் ஒருவர்கூட இல்லை! விளம்பரம் மாறியது, கேஜ் மாறவில்லை.

நம் நாட்டிலும் சோதித்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்ற இருவர், தனியார் கம்பெனிகளின் பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வித்தியாசம் பெயரில் மட்டும். 2007-ல் வந்த முடிவு: உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்குச் சாதகமான பதில் வரும் வாய்ப்பு 0.67 மடங்கு, முஸ்லிம் பெயருக்கு 0.33 மடங்கு. பெயர் எந்த டிராயிங்கில் இருக்கிறது?

கேஜைச் சோதிக்கும் கணக்கு

பிழை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? 1978-ல் அமெரிக்க அரசுத் துறைகள் 'ஐந்தில் நான்கு' என்று ஒரு கணக்கு வகுத்தன. உதாரணமாக, 200 ஆண்கள் விண்ணப்பித்து 60 பேர் தேர்வானால் 30 சதவீதம். 100 பெண்கள் விண்ணப்பித்து 18 பேர் தேர்வானால் 18 சதவீதம். 18-ஐ 30-ஆல் வகுத்தால் 0.6. இது 0.8-க்குக் கீழே வந்தால் எச்சரிக்கை மணி. தப்பு நடந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை; கேஜைக் கழற்றிச் சோதித்துப் பார் என்று அர்த்தம். நியூயார்க் நகரத்தில் 2023 ஜூலை முதல், மெஷினை வைத்து ஆளெடுக்கும் கம்பெனிகள் வெளியாரை வைத்து இப்படிச் சோதித்து, முடிவை வெளியிட வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது.

காற்று எதிர்ப்பக்கமும் அடிக்கிறது. 2025 ஜனவரியில் மெட்டா தன் பன்முகத்தன்மைத் திட்டங்களை நிறுத்தியது. அடுத்த மாதமே கூகுள், அதற்காக வைத்திருந்த ஆளெடுப்பு இலக்குகளைக் கைவிட்டது. 'தகுதி மட்டும் போதும்' என்பது இப்போது பலமாகக் கேட்கும் வாதம். சரி, தகுதியே இருக்கட்டும்! ஆனால் அதை அளக்கிற கேஜைச் சோதிக்க மாட்டேன் என்றால் அது தகுதியும் இல்லை, இன்ஜினியரிங்கும் இல்லை.

நாளைக்கு நாம்

நண்பர்களே, இன்டர்வியூவில் தோற்று வந்து ரூமில் படுத்துக்கொண்டு "நான் எதுக்கும் லாயக்கில்லடா" என்று சொல்லும் நண்பன் நமக்கெல்லாம் இருக்கிறான். தப்பு அவனிடம் இருக்கலாம், கேஜிலும் இருக்கலாம். பயிற்சி எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒரு ரிஜெக்ட் முத்திரையை வைத்துத் தன்னைத் தானே குப்பையில் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

நாளை நம்மில் சிலர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறோம். அன்றைக்குச் செய்ய வேண்டியவை நான்கே நான்கு. வேலைக்கு உண்மையில் என்ன தேவை என்று முதலில் எழுதுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். பேச்சை மட்டும் கேட்காமல் ஒரு சின்ன வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.

"நம்ம ஊர் பையன்", "பார்த்தா நல்ல பையனா தெரியறான்" என்று மனசு சொல்லும்போது கொஞ்சம் நில்லுங்கள். கையில் இருக்கும் கேஜை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அதைச் செய்தது டிராயிங்கைப் பார்த்தா, ஸ்டோரைப் பார்த்தா?