‘தொடர்பு எல்லைக்கு அப்பால்...’ கரையில் ஃபுல் டவர், கடலில் ஜீரோ! காரைக்கால் மீனவர்களுக்கு ஸ்மார்ட்போன் எதுவரை துணை?

‘தமிழ்நாடு, புதுச்சேரி மற்றும் காரைக்கால் பகுதிகளில்...’ என்று வானிலை அறிக்கையில் கடைசியாக ஒட்டிக்கொண்டு வருமே, அந்தக் காரைக்காலின் வடக்கு வாசல்தான் பூவம். தரங்கம்பாடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து நண்டலாற்றைத் தாண்டினால் ஆட்சி மாறிவிடும். பெட்ரோல் விலை மாறும். போலீஸ்காரரின் தொப்பி சிவப்பாகும். ஆனால், கையில் இருக்கும் செல்போனுக்கு மட்டும் இந்த எல்லை தெரியாது. காரைக்காலும் தமிழ்நாட்டு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்தான் வருகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேச ஆரம்பித்தவர், இந்தப் பக்கம் வந்தும் அதே பேச்சைத் தொடரலாம்.

போனுக்குத் தெரிந்த எல்லை வேறு திசையில் இருக்கிறது. பூவத்துக்குக் கிழக்கே கடல். பக்கத்திலேயே மண்டபத்தூர், காளிக்குப்பம் என்று மீனவ கிராமங்கள். அங்கிருந்து படகில் கிளம்பினால், கொஞ்ச நேரத்தில் திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் கோடுகள் நான்கு, மூன்று, இரண்டு எனக் குறைந்துகொண்டே வரும். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் பெரும்பாலும் சுத்தம். அதற்குப் பிறகு வீட்டிலிருந்து அழைத்தால், நமக்கெல்லாம் மனப்பாடமான அந்தப் பெண் குரல்தான் பேசும். ‘தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்...’

ஒரு ஸ்மார்ட்போனிடம் வாடிக்கையாளர் என்ன எதிர்பார்க்கிறார், கிடைத்ததில் திருப்தியா என்று கம்பெனிகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. கேமரா எப்படி, பேட்டரி எப்படி, ஸ்பீடு எப்படி? இந்தக் கேள்வித்தாளைக் கடலுக்குப் போகிறவரிடம் நீட்டினால், அவருடைய பதில் வேறு மாதிரி இருக்கும்.

சாதாரண விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். டச் ஸ்கிரீன் என்பது காய்ந்த விரலுக்காகச் செய்யப்பட்டது. ஈரக் கையோடு தொட்டால் ஒன்றை அழுத்த இன்னொன்று திறக்கும். உச்சி வெயிலில் திரையில் எழுத்து தெரியாது. உப்புக் காற்று சார்ஜர் போடும் ஓட்டையை அரித்துவிடும். அதனால்தான் பல படகுகளில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய போன், பாலிதீன் கவருக்குள் ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உலகம் முழுக்க மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்து வடிவமைத்த போன் கடைக்கு வருவது அபூர்வம்.

கரையில் கதை வேறு. துபாயிலோ பிரான்ஸிலோ இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வீடியோ கால். மழை நாளில் ‘லீவு மயிலாடுதுறைக்கா, காரைக்காலுக்கா?’ என்று தெரிந்துகொள்ள வாட்ஸ்அப் குரூப். மீன் விற்கும் இடத்தில் ‘இருநூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று சத்தமாகச் சொல்லும் க்யூஆர் பெட்டி. அந்தப் பெட்டி ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மீன் வெட்டிக்கொண்டிருக்கும் கையால் போனை எடுத்து எஸ்.எம்.எஸ் படிக்க முடியாது, காதால் கேட்க முடியும். வாட்ஸ்அப்பில் 2013-ல் வந்த வாய்ஸ் மெசேஜும் அப்படித்தான். தமிழில் டைப் அடிக்கத் தெரியாத தலைமுறை, பேசியே எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறது.

இது இங்கு மட்டுமில்லை. கென்யாவில் 2007-ல் வந்த ‘எம்-பெசா’, பட்டன் போனிலேயே ஊருக்குப் பணம் அனுப்ப வழிசெய்தது. ஸ்மார்ட்போனே தேவைப்படவில்லை. தேவை எதுவென்று சரியாகப் பிடித்துவிட்டால் கருவி சாதாரணமாக இருந்தாலும் போதும்.

மீனவர்களின் தேவை என்ன என்பதை நம் கடற்கரைக்கு முதலில் கேட்டுச் சொன்னது ஒரு ஒலிபெருக்கி. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் ‘தகவல் கிராமம்’ திட்டத்தைத் தொடங்கியது. செல்போன் பணக்காரர்களின் பொருளாக இருந்த காலம் அது. வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது ஒன்றுதான்: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பு இருந்தது. அதை இறக்கி, தமிழில் மாற்றி, கடற்கரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஆப் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, ரீசார்ஜ் இல்லை. ஊரே கேட்டது.

அந்த ஏற்பாட்டின் மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் டி.வி-யில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் செய்தார். செய்தி உடனே தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வாழ்ந்த ஊர், அலை வருவதற்குள் வெளியேறியது. அதே காலையில் காரைக்கால் கடற்கரை நூற்றுக்கணக்கானவர்களைப் பறிகொடுத்தது. ஒரு போன் கால், ஒரு ஒலிபெருக்கி... அவ்வளவுதான் வித்தியாசம்.

போனால் மீனவருக்குக் காசு மிச்சமாகுமா என்ற கேள்விக்கு, பொருளாதாரப் பாடப்புத்தகங்கள் வரை போன பதில் ஒன்று பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 1997 ஜனவரி 14. கேரளத்தின் வடகரையில் 11 மீனவர்கள், வாங்க ஆளில்லாமல் பிடித்த மத்தியைக் கொட்டிவிடும் நிலையில் நின்றார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கடற்கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பத் தயாராக இருந்தார்கள். ஒருவருக்கொருவர் தெரியவில்லை, அவ்வளவே. அந்த ஆண்டு தொடங்கி 2001 வரை வடகேரளக் கரையில் படிப்படியாக டவர்கள் வந்தன. நடுக்கடலிலிருந்தே ‘எங்கே என்ன விலை?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் இதைத் தொடர்ந்து கவனித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவிகிதம் கூடியது. வாங்குபவர்களுக்கு விலை 4 சதவிகிதம் குறைந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பின்னாளில் கேரள மீனவர்களிடம் போன வேறு ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். படகுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பவர், எந்தக் கரையில் என்ன விலை என்று தெரிந்தாலும் இஷ்டப்பட்ட இடத்தில் விற்க முடியாது. போன் விலையைச் சொல்லும். யாரிடம் விற்பது என்பதைக் கடன் சொல்லும். சோழமண்டலக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விலை என்றதும் இன்னொரு விலையும் ஞாபகம் வருகிறது. 2016-ல் டேட்டா மலிவானபோது வாங்கிய பழக்கம், 2024 ஜூலையில் மூன்று பெரிய நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தியபோது கடித்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும், வருமானமும் நின்றுவிடும், ரீசார்ஜ் மட்டும் நிற்காது. பேச மட்டுமே போன் வைத்திருக்கும் பாட்டிகூட டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில்தான், பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்-ஸுக்கும் மட்டும் தனி பிளான் கட்டாயம் தர வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது. இதுபோன்ற பிளான்களின் அதிகபட்ச காலமும் 90 நாள்களிலிருந்து 365 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் நம்பருக்கு இந்த பிளானை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் தானாகச் சொல்வது அரிது.

சரி, கடலுக்குத் திரும்புவோம். கிளம்புவதற்கு முன் தேவைப்படும் தகவலுக்கு இன்று பஞ்சமில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் ‘இன்காய்ஸ்’ என்ற கடல் தகவல் மையம், கடல் நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் மூலம் அளந்து, மீன் கூடக்கூடிய இடங்களைச் சொல்கிறது. அலை, காற்று, நீரோட்டம் எல்லாம் தினமும் வருகின்றன. இவற்றை சுவாமிநாதன் நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ ஆப் தமிழிலேயே தருகிறது. வாடை எப்போது திரும்பும், கச்சான் எப்போது இறங்கும் என்று வானத்தைப் பார்த்தே சொல்லும் பெரியவர்களும், கரையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பேரன்களும் ஒரே கணிப்புக்கு வந்தால் படகு இறங்கும். வராவிட்டால் வாக்குவாதம் இறங்கும்!

சிக்கல், கிளம்பிய பிறகு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் எச்சரிக்கை வருவதற்கு நாள்கள் முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். அவர்களிடமும் போன் இருந்தது. டவர் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை.

அதற்குப் பின்தான், டவர் இல்லாத இடத்துக்குச் செய்தி அனுப்பும் வேலை வேகமெடுத்தது. 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற சிறு கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. செயற்கைக்கோளிலிருந்து வரும் எச்சரிக்கையை அது வாங்கி, ப்ளூடூத் வழியாக மீனவரின் போனுக்குத் தரும். ஆனால், ஒருவழிப் பாதை. ‘புயல் வருகிறது’ என்று கடலுக்குச் சொல்லலாம், ‘இன்ஜின் நின்றுவிட்டது’ என்று கடலிலிருந்து சொல்ல முடியாது. இருவழியும் பேசும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. இஸ்ரோவின் தொழில்நுட்பம். படகில் இருக்கும் கருவியோடு போனை இணைத்து, ‘நப்மித்ரா’ ஆப் மூலம் செய்தி அனுப்பலாம், ஆபத்து என்றால் உதவி கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜிபிஎஸ்-ஸுக்கு டவர் தேவையில்லை. சிம் இல்லாத போன்கூட நடுக்கடலில் தான் இருக்கும் இடத்தைக் காட்டும். நெட் இல்லாததால் மேப் மட்டும் வெறுமையாக இருக்கும். முன்கூட்டியே மேப்பை இறக்கி வைத்திருந்தால் அதுவும் வந்துவிடும். ஃபிஷர் ஃப்ரெண்ட் ஆப் சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிப்பதும் இந்த வழியில்தான்.

காரைக்கால்காரர்களுக்கு அந்த எச்சரிக்கை எவ்வளவு முக்கியம் என்று சொல்ல 2025 ஜனவரி 28 போதும். அன்று அதிகாலை நெடுந்தீவு அருகே, 13 மீனவர்கள் இருந்த காரைக்கால் படகை இலங்கைக் கடற்படை பிடித்தபோது துப்பாக்கிச்சூடு நடந்தது. இருவருக்குப் பலத்த காயம், மூவருக்கு லேசான காயம் என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது. எல்லை எங்கே என்று போன் காட்டும். இரவில் நீரோட்டம் இழுக்கும்போதும், வலை விரித்த பிறகு மீன் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகும்போதும் என்ன செய்வது என்பதற்கு எந்த ஆப்பிலும் பட்டன் இல்லை.

டிரான்ஸ்பாண்டர் பொருத்தாத படகுகளுக்கும், அவர்களுக்காகக் கரையில் காத்திருப்பவர்களுக்கும் இன்றைக்கும் பழைய கதைதான். வீட்டில் இருப்பவர் அழைத்துப் பார்ப்பார். அந்தப் பெண் குரல் பேசும். கட் செய்துவிட்டு மறுபடியும் அழைப்பார். படகு கரையை நெருங்கி, முதல் கோடு திரையில் எழும்பும்போது, பாலிதீன் கவருக்குள் இருக்கும் போன் விடாமல் ‘டிங் டிங்’ என அடிக்கத் தொடங்கும். மூன்று நாள் செய்திகளும் ஒன்றாக வந்து விழும். தவறிய அழைப்புகள், குரூப்பில் குட் மார்னிங் படங்கள், ரீசார்ஜ் ஞாபகமூட்டல்... நடுவே, முந்தாநாள் அனுப்பிய பலத்த காற்று எச்சரிக்கையும்.