ஊருக்குப் போக ஒரு கப்பல்

பதுளை, பண்டாரவளைத் தோட்டத்து மக்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போகக் கப்பல் ஏறிய காலம் ஒன்று இருந்தது, தெரியுமா? 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. பத்து வருஷம் கழித்துப் பதுளைக்கும் ரயில் பாதை வந்து சேர்ந்தது. பிறகென்ன, மலையிலிருந்து ஒரு கோச்சி, கடற்கரையில் ஒரு கப்பல், அக்கரையில் இன்னொரு ரயில், இறங்கினால் திருச்சியோ புதுக்கோட்டையோ!

தனுஷ்கோடியை அழித்த 1964 புயலோடு எல்லாம் முடிந்தது என்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. புயலுக்குப் பிறகும் இராமேஸ்வரத்திலிருந்து 1984 வரை கப்பல் ஓடியதே! போய்த் திரும்பும் பழக்கத்தைப் புயலுக்கு முன்பே தளர்த்தியது காகிதம்தான். இலங்கையின் சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமைச் சட்டமும் விசாவும் வந்தன. போனால் திரும்ப விடுவார்களா என்ற பயமும் கூடவே வந்தது. காசில்லாதவர்கள் முன்பும் போகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், கடனில் இருந்த குடும்பத்துக்குக் கப்பல் டிக்கெட் எட்டாக்கனி. ஆனால் கையில் நாலு காசு சேர்ந்தால் அடுத்த வருஷம் போகலாம். சட்டம் அடைத்த வழி அப்படித் திறக்காது. தோட்டத்து மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே தலைமன்னாரில் ஏறிய பலர் திரும்பி வராமலே போனவர்கள். இங்கே தங்கியவர்களின் பிள்ளைகளுக்குப் பதுளைதான் ஊர். தீபாவளிக்கு முதல் நாள் கொழும்பிலிருந்து பதுளை வரும் ரயிலில் உங்களுக்கு இருக்கை கிடைக்காததற்கு அவர்களும் ஒரு காரணம்!