சேப்பாக்கத்தில் ரயில் பார்க்கலாம், வாங்க!



கிரிக்கெட் மைதானத்தில் போய் உட்கார்ந்தால் என்ன பார்க்கலாம்? "இது என்ன கேள்வி? கிரிக்கெட்தான் பார்க்கலாம்" என்கிறீர்களா? சரிதான். ஆனால், சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் இன்னொன்றும் பார்க்கலாம். அதற்குத் தனி டிக்கெட் கிடையாது. விளம்பரமும் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக வரும். சில வினாடிகளில் போய்விடும். அதுதான் பறக்கும் ரயில்!

மைதானம் முதலில், ரயில் பிறகு

சேப்பாக்கத்தில் எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1916ஆம் ஆண்டு அமைந்தது. நூறு வயதைத் தாண்டிய தாத்தா மைதானம்! இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது இங்கேதான். 1952ஆம் ஆண்டு, இங்கிலாந்தை எதிர்த்து. 1986இல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதி, யாருக்கும் வெற்றி தோல்வி இல்லாமல் ரன்கள் சரிசமமாக முடிந்த 'டை' டெஸ்ட்டும் இங்கேதான் நடந்தது.

ஆனால், அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் யாரும் ரயில் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? அப்போது ரயில் பாதையே இல்லை! பறக்கும் ரயிலின் முதல் பகுதி 1995இல்தான் திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரை நிலையத்தில் புறப்படும் ரயில் சேப்பாக்கத்தோடு நின்றுவிடும். 1997இல் திருமயிலை வரையும், 2004இல் திருவான்மியூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் பாதை நீண்டது.

ரயிலுக்கு இறக்கை இல்லையே, பிறகு ஏன் 'பறக்கும் ரயில்'? பெரிய பெரிய தூண்கள் மேல் பாலம் கட்டி, அதன் மேல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், வீட்டு மாடிகளுக்கு நடுவே ரயில் பறப்பது போலத்தான் இருக்கும். அதனால் மக்கள் வைத்த பெயர் இது.

சரி, பாதை ஏன் மைதானத்தை ஒட்டிப் போகிறது? அதற்குக் காரணம் பக்கிங்ஹாம் கால்வாய். முன்பு விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன நீர்வழி அது. வீடுகள் நெருக்கமாக உள்ள நகரத்தில் ரயில் பாதைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் கால்வாயை ஒட்டியே தூண்களை நட்டார்கள். சில இடங்களில் கால்வாய்க்குள்ளேயே நட்டதால் நீரோட்டம் குறுகிப் போனது என்ற வருத்தமும் உண்டு. அந்தக் கால்வாய், மைதானத்துக்கும் கடலுக்கும் நடுவே ஓடுகிறது. ஆகவே, மைதானத்தின் கடல் பக்கம் ரயிலின் பக்கமாகவும் ஆகிவிட்டது.

கேலரியிலிருந்து ரயில்

2009 முதல் 2011 வரை ஸ்டேடியத்தைப் புதுப்பித்தார்கள். பழைய கான்கிரீட் கூரையையும், பார்வையை மறைத்த தூண்களையும் எடுத்துவிட்டு, வெள்ளைக் குடை விரித்தது போன்ற மெல்லிய கூரைகளை அமைத்தார்கள். கேலரிகளுக்கு நடுவே இடைவெளியும் விட்டார்கள். கடற்காற்று உள்ளே வரவேண்டும் அல்லவா? அந்த இடைவெளி, ரயிலைப் பார்க்கவும் ஜன்னலாகிவிட்டது.

கடல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தால், எதிரே ரயில் போவது தெரியும். எப்போது பார்க்கலாம்? ஓவர் முடிந்து, பீல்டர்கள் இடம் மாறுகிறார்களே, அந்த நேரம்தான் நல்ல நேரம். பந்து போடும்போது ரயிலைப் பார்த்தால் விக்கெட்டைக் கோட்டை விட்டுவிடுவீர்கள்!

1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் இந்தியா தோற்றபோதும், சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டிப் பாகிஸ்தான் வீரர்களைப் பாராட்டினார்கள். 2008 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக டெண்டுல்கர் சதமடித்து இந்தியாவை ஜெயிக்க வைத்தார். இந்த இரண்டும் நடந்தபோது பக்கத்தில் பறக்கும் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இன்னொரு செய்தி. சேப்பாக்கத்தில் சிக்ஸர் அடித்து உங்களைத் துள்ள வைத்த தோனி, கிரிக்கெட்டில் பெரிய ஆளாவதற்கு முன், கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர்!

ரயிலிலிருந்து மைதானம்

இப்போது எதிர்ப்பக்கம் போவோம். நீங்கள் ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சேப்பாக்கம் நிலையம் வருகிறது. கேலரிகளுக்கு நடுவே பச்சைப் புல்தரை சட்டென்று தெரிகிறது, உடனே மறைகிறது. மின்விளக்குக் கோபுரங்கள் ஒளிவிடுகின்றன. "ஓ..." என்று ஒரு பெரும் சத்தம். சிக்ஸரா? அவுட்டா? தெரியாது!

மைதானத்துக்குள் முப்பதாயிரம் பேருக்கும் மேல் உட்காரலாம். ஆனால், டிக்கெட் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எல்லோராலும் வாங்க முடிவதில்லை. ரயில் டிக்கெட்டோ ஐந்து ரூபாயிலிருந்து தொடங்குகிறது. அந்த ரயிலில் வேலை முடிந்து வீடு திரும்பும் அண்ணன்கள், பூக்கூடையோடு வரும் அம்மாக்கள், பையைச் சுமந்த மாணவர்கள் எல்லோரும் இருப்பார்கள். ஒரு வினாடிப் பச்சை அவர்களுக்கும் கிடைக்கிறது. சுற்றிலும் மதில் எழுப்பி மூடிய ஓர் இடம், வழியே போகிறவருக்கும் கொஞ்சம் தெரிவது நல்ல விஷயம்தானே?

ஆனால் ஒன்று. அந்த ஒரு வினாடிக்காகக் கதவருகே நின்று தலையை வெளியே நீட்டக் கூடாது. படிக்கட்டில் தொங்கவே கூடாது. அருகிலுள்ள கம்பமும் தூணும் கண் இமைக்கும் நேரத்தில் வந்து மோதிவிடும். படியில் தொங்கிப் பயணம் செய்வது ரயில்வே சட்டப்படி குற்றமும்கூட. ஸ்கோரை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். உயிரைக் கேட்டு வாங்க முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், அது போதும்.

ரயிலின் வேகம் என்ன?

கேலரியில் உட்கார்ந்தபடியே ரயிலின் வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். கருவி எதுவும் வேண்டாம். ஒரு கைக்கடிகாரம் போதும்.

முதலில் ஒரு வேடிக்கை. கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் 22 கெஜம். அதாவது சுமார் 20 மீட்டர். மின்சார ரயிலின் ஒரு பெட்டி, இணைப்பையும் சேர்த்து, சுமார் 21 மீட்டர். ஒரு பெட்டிக்குள் ஒரு பிட்ச்சையே விரித்துவிடலாம் போலிருக்கிறது, இல்லையா?

இனி கணக்கு. ஒரு கம்பத்தையோ கேலரியின் ஓரத்தையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ரயிலின் முகம் அங்கே வரும்போது எண்ணத் தொடங்குங்கள். வால் கடக்கும்போது நிறுத்துங்கள். பெட்டிகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்பது பெட்டிகள், 21 வினாடிகள் என்று வைத்துக்கொள்வோம்.

ரயிலின் நீளம்: 9 x 21 = 189 மீட்டர்.

ஒரு வினாடிக்கு: 189 ÷ 21 = 9 மீட்டர்.

மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? 3.6ஆல் பெருக்குங்கள். 9 x 3.6 = 32.4 கி.மீ.

அவ்வளவுதான்! நிலையம் பக்கத்தில் இருப்பதால் ரயில் அங்கே மெதுவாகத்தான் போகும். இந்த வேகத்தில் ஒரு பிட்ச் தூரத்தைக் கடக்க ரயிலுக்கு இரண்டே கால் வினாடி ஆகும். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்துக்கோ அரை வினாடி போதும். மட்டையோடு நிற்பவரின் சங்கடம் இப்போது புரிகிறதா?

உலகத்தில் இன்னும் எங்கே?

மும்பை வான்கடே ஸ்டேடியத்தை ஒட்டி மின்சார ரயில்கள் ஓடுகின்றன. 2011இல் இந்தியா உலகக் கோப்பையை வென்ற அதே மைதானம்தான். கொல்கத்தாவில் ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயரே 'ஈடன் கார்டன்ஸ்'.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் பிரபலம். நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ஹூஸ்டன் நகரில், பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு பேஸ்பால் ஸ்டேடியத்தைத் திறந்தார்கள். அந்த நினைவாக, மதில் மேல் தண்டவாளம் போட்டு, பழங்கால எஞ்சின் ஒன்றின் மாதிரியை நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளூர் அணி 'ஹோம் ரன்' அடித்தால், அதாவது நம் சிக்ஸர் போல அடித்தால், அந்த எஞ்சின் ஓடும்!

ஸ்லோவாக்கியா நாட்டில் சியெர்னி பலோக் என்ற ஊர் இவற்றையெல்லாம் மிஞ்சிவிடுகிறது. அங்கே கால்பந்து மைதானத்துக்கும் பார்வையாளர் வரிசைக்கும் நடுவிலேயே குட்டி ரயில் பாதை போகிறது. காட்டிலிருந்து மரம் ஏற்றி வருவதற்காகப் போட்ட பாதை அது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நீராவி எஞ்சின் புகை விட்டபடி முன்னால் போகும். கோல் விழுந்ததா என்று புகை கலைந்த பிறகுதான் பார்க்க வேண்டும்!

நம் ஊரில் ரயில் இல்லையே?

எங்கள் உத்திரமேரூரிலும் ரயில் நிலையம் கிடையாது. ஆனால், பழையசீவரம், வாலாஜாபாத் போனால் செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் ரயில் பார்க்கலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு நிலையம் இருக்கும். பெரியவர்களோடு போய், பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு இப்பால் பாதுகாப்பாக நின்று, இதே கணக்கைச் செய்து பாருங்கள். எக்ஸ்பிரஸ் ரயில் பெட்டி சற்று நீளமானது என்பதை மறக்காதீர்கள். நாளையும் நேரத்தையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்து ரயில்களை எழுதுவதற்குள், எந்த ரயில் தாமதம், எது வேகம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இதோ உங்களுக்கு ஒரு கணக்கு: 12 பெட்டிகள் கொண்ட மின்சார ரயில் 21 வினாடிகளில் உங்களைக் கடந்தது. அதன் வேகம் என்ன?

விடையைப் பார்க்காமல் போட வேண்டும், சரியா?

(விடை: மணிக்கு 43.2 கி.மீ.)