உடைந்த கரையை அடைத்த கப்பல்!
30 லட்சம் பேரைக் காப்பாற்றிய ஊர்த் தலைவர்

பொழுது இன்னும் விடியவில்லை. பேய்க்காற்று வீசுகிறது. ஆற்றில் தண்ணீர் கரை விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

திடீரென்று கரையில் ஓர் உடைப்பு! தண்ணீர் சீறிக்கொண்டு உள்ளே பாய்கிறது. மணல் மூட்டைகளைப் போட்டால் நிற்குமா? நிற்காது. உடைப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது.

கரைக்கு அந்தப் பக்கம் இருப்பது என்ன? 30 லட்சம் மக்கள் வாழும் நாடு!

அந்த நேரத்தில் ஓர் ஊர்த் தலைவர் ஒரு முடிவு செய்தார். யாரும் எதிர்பாராத முடிவு. அது என்ன?

கடலுக்குக் கீழே ஊர்

இது நடந்த இடம் ஹாலந்து. நெதர்லாந்து என்றும் சொல்வார்கள். நடந்த நாள் 1953-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

ஹாலந்து ஒரு விசித்திரமான நாடு. அதன் நிலத்தில் சுமார் கால் பகுதி கடல் மட்டத்தை விடத் தாழ்ந்தது. அங்கே வீடு கீழே இருக்கும். கடல் மேலே இருக்கும்! நடுவில் இருப்பது மண் கரை ஒன்றுதான். ஏரிக்கரை உடைந்தால் கழனிக்கும் குடிசைக்கும் என்ன கதி என்று நமக்குத் தெரியும். அங்கே ஏரிக்குப் பதிலாகக் கடல்!

நாம் சொல்லும் ஊரின் பெயர் நீவர்கெர்க். ஐசல் ஆற்றங்கரையில் இருக்கிறது. நாட்டிலேயே மிகவும் பள்ளமான இடம் இந்த ஊர்ப்பக்கம்தான். கடல் மட்டத்துக்குக் கீழே 6.76 மீட்டர். அதாவது, 22 அடிப் பள்ளம்!

புயலும் பௌர்ணமியும்

ஜனவரி 31-ந் தேதி சனிக்கிழமை வடமேற்கிலிருந்து கடும் புயல் வீசியது. அது வடகடலின் தண்ணீரைத் தெற்கே தள்ளியது. தெற்கே போகப் போக அந்தக் கடல் குறுகலாகிறது. தள்ளிய தண்ணீர் எங்கே போகும்? மேலே எழும்பியது.

முதல் நாள்தான் பௌர்ணமி. பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகம். புயலும் ஏற்றமும் சேர்ந்துகொண்டன. பிளிசிங்கன் துறைமுகத்தில் தண்ணீர் வழக்கமான மட்டத்துக்கு மேல் 4.55 மீட்டர் உயர்ந்தது.

சனிக்கிழமை மாலையே வானிலை நிலையத்தார் எச்சரிக்கை தந்தி அனுப்பினார்கள். ஆனால் அந்தத் தந்தி எல்லோருக்கும் போகவில்லை. அதற்கென்று பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே போனது. பல ஊர்கள் பதிவு செய்யவில்லை. வானொலியோ நள்ளிரவில் நின்றுவிட்டது. மக்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கரையை அலை தாண்டியது. தாண்டிய தண்ணீர் கரையின் உட்பக்கத்து மண்ணை அரித்தது. பின்புறம் கரைந்ததும் கரை சரிந்தது. இப்படிப் பல இடங்களில் உடைப்பு! கோயில் மணி அடித்து எழுப்பினார்கள். பல பேருக்கு அது காலம் கடந்த மணி.

கப்பலைக் கொண்டு வா!

நீவர்கெர்க் ஊருக்கு வருவோம். அங்கே ஊர்த் தலைவர் பெயர் ஃபோகெலார். விடியற்காலை ஐந்தரை மணி அளவில் கரை உடைந்தது. அந்த இடத்தில் கரைக்குக் கல் பாவவில்லை. வெறும் மண். ஊர் மக்கள் மூட்டை சுமந்து போராடினார்கள். பலிக்கவில்லை.

ஆற்றில் ஒரு சரக்குக் கப்பல் இருந்தது. நீளம் 18 மீட்டர். பெயர் "இரு சகோதரர்கள்". அதன் தலைவன் ஆரி எவெக்ரூன் என்பவர். ஆபத்து வேளையில் எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ள ஊர்த் தலைவருக்கு உரிமை உண்டு. ஃபோகெலார் அந்தக் கப்பலை எடுத்துக்கொண்டார். உடைப்பின் வாயில் கப்பலை விட்டு அடைக்கும்படி உத்தரவிட்டார்!

எவ்வளவு பெரிய ஆபத்து, பாருங்கள்! நீரின் வேகத்தில் கப்பல் உடைப்பு வழியாக உள்ளே விழுந்துவிடலாம். கப்பல் போகும், உயிரும் போகும், உடைப்பும் இன்னும் அகலமாகும்.

எவெக்ரூன் தயங்கவில்லை. கப்பலை மெல்ல உடைப்பின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். கப்பலின் முனை கரையில் பட்டது. மறுமுனையை வெள்ளமே தள்ளியது. மதகுக் கதவு மூடுவதுபோல் கப்பல் உடைப்பை மூடிக்கொண்டது!

வெள்ளத்தின் வேகம் அடங்கியது. ஆட்கள் விரைந்து மூட்டைகளை அடுக்கினார்கள். கரை நின்றது. நாடு பிழைத்தது.

பிற்காலத்தில் அந்த இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். அதன் பெயர் "விளிம்பில் நிற்கும் காசு". காசு எந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம் அல்லவா? அன்று அது நல்ல பக்கம் விழுந்தது!

முதுகு கொடுத்த மக்கள்

கோலின்ஸ்பிளாட் என்று ஒரு கடற்கரைக் கிராமம். கரையில் வண்டி போகும் வழியைப் பலகைகளால் அடைத்திருந்தார்கள். அலை மோதிப் பலகை வளைந்தது. ஊர் ஆண்கள் ஓடிப்போய்ப் பலகைக்கு முதுகு கொடுத்து நின்றார்கள். அந்த நேரம் ஒரு படகு மிதந்து வந்து முன்னே நின்று அலையைத் தடுத்தது. ஊர் தப்பியது. "விடாதீர்கள், பையன்களே!" என்று இன்றும் அங்கே நினைவுக்கல் சொல்கிறது.

ஆனால் எல்லா ஊருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. கூரைமேல் ஏறித் தப்பியவர்கள் பலர். ஞாயிறு பிற்பகலில் மறுபடியும் கடல் ஏறியது. ஏற்கெனவே ஊறிப்போன வீடுகள் கூரையோடு சரிந்தன. தந்தி இல்லை, தொலைபேசி இல்லை. வெளி உலகுக்குச் செய்தி எப்படிப் போகும்? சீரிக்சே என்ற ஊரில் ஓர் இளைஞன் தானே ஒரு வானொலிக் கருவி செய்து செய்தி அனுப்பினான். அதன் பிறகே துயரத்தின் அளவு தெரிந்தது.

ஹாலந்தில் மட்டும் இறந்தவர்கள் 1,836 பேர். வீடு விட்டு வெளியேறியவர்கள் சுமார் 72,000 பேர். இங்கிலாந்திலும் கரையோரத்தில் 307 பேர் மாண்டார்கள்.

கரையைக் காப்பது யார்?

ஹாலந்தில் கரையைக் காக்கத் தனி மன்றங்கள் உண்டு. நீர் மன்றம் என்று சொல்லலாம். 600 ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம் இது. நிலம் உள்ளவர்கள் கூடி ஆள் தேர்ந்தெடுத்தார்கள். வரி போட்டார்கள். கரையை மேற்பார்த்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1953-ல் இத்தகைய மன்றங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தன! பல மன்றங்கள் மிகச் சிறியவை. கையில் பணம் இல்லை. உலகப் போரின்போது கரைகளும் பராமரிப்பின்றிக் கிடந்தன. கரை போதாது என்று வான் வேன் என்ற அரசாங்க எஞ்சினீயர் எச்சரித்து வந்தார். வேலை தொடங்கும் முன் வெள்ளம் முந்திக்கொண்டது.

பட்ட பிறகு பாடம் படித்தார்கள். சிறு மன்றங்களைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். இன்று 21 நீர் மன்றங்கள்தான் உள்ளன. அவற்றுக்கு இன்றும் தேர்தல் நடக்கிறது. மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள்.

கடலுக்குக் கதவு!

வெள்ளம் வடியும் முன்பே நிபுணர் குழு அமைத்தார்கள். 1958-ல் சட்டம் வந்தது. ஆற்று முகங்களை அடைப்பது என்று தீர்மானம்! முதல் கதவு எங்கே வந்தது தெரியுமா? கப்பல் அடைத்த அதே ஐசல் ஆற்றில்தான்! கிரிம்பன் ஊரில் 1958-லேயே அது வேலைக்கு வந்தது.

1986-ல் கிழக்கு ஷெல்ட் அணை முடிந்தது. அதில் 62 எஃகுக் கதவுகள். சாதாரண நாளில் கதவு திறந்தே இருக்கும். மீனும் சிப்பியும் பிழைக்க வேண்டுமே! புயல் வந்தால் மட்டும் மூடுவார்கள்.

1997-ல் ரோட்டர்டாம் துறைமுக வாயிலில் இரண்டு ராட்சசக் கதவுகள் வந்தன. ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம், 22 மீட்டர் உயரம். தண்ணீர் குறித்த அளவைத் தாண்டினால் கம்ப்யூட்டரே கதவை மூடிவிடும். 2023 டிசம்பர் 21-ந் தேதிப் புயலில் அப்படியே மூடியது. ஊர் மக்கள் அச்சமின்றி இருந்தார்கள்.

கடைசி உடைப்பு

1953-ல் உடைந்தவற்றில் கடைசி உடைப்பு ஔவர்கெர்க் என்ற ஊரில் இருந்தது. நவம்பர் 6-ந் தேதி இரவுதான் அதை அடைக்க முடிந்தது. போருக்காகச் செய்த நான்கு பெரிய கான்கிரீட் பெட்டிகளை இறக்கி அடைத்தார்கள். ஒன்பது மாதப் போராட்டம்!

அந்தப் பெட்டிகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. அவற்றுக்குள் வெள்ள நினைவுக் காட்சிசாலை நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள்.

பெரிய கதவுகள் கட்ட ஆண்டுகள் பல ஆகும். கோடி கோடியாய்ப் பணம் வேண்டும். ஆனால் கரை உடையும் அந்த நிமிடத்தில் பக்கத்தில் இருப்பது ஊர்த் தலைவரும் ஊர் மக்களுமே. முன்கூட்டியே எச்சரிக்கை வந்து, உத்தரவிடத் துணிந்தவரும் உழைக்கத் துணிந்தவர்களும் இருந்தால் உயிர்கள் பிழைக்கும்.

எச்சரிக்கை தந்தி தூங்கியது, கப்பல் தூங்கவில்லை. ஹாலந்து மக்கள் இரண்டையும் மறக்கவில்லை!