சந்தை என்ன நினைக்கிறது?

1

தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து பங்குத் தரகர் அலுவலகங்களில் பேச்சின் தொனி மாறிவிடுகிறது. அதுவரை தங்கம், கச்சா எண்ணெய், வங்கிப் பங்குகள் என்று போய்க்கொண்டிருந்த பேச்சுக்குள் தொகுதிக் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. "272 தாண்டிட்டா மார்க்கெட் எகிறும் சார்." "தொங்கு பார்லிமெண்டுன்னா கையில இருக்கறத வித்துட்டு ஒதுங்கிடணும்." "ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் பெட்ரோல் விலைய ஏத்த மாட்டாங்க, அப்புறம் பாருங்க." சொந்தப் பணத்தைப் போட்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இது. இதில் குற்றம் காண ஒன்றுமில்லை.

ஆனால் மறுநாள் பத்திரிகையில் இதே பேச்சு வேறு உருவில் வருகிறது. நிலையான ஆட்சியைச் சந்தை விரும்புகிறது. கூட்டணி ஆட்சி என்றால் சந்தைக்குப் பயம். பேசிய மனிதர்கள் மறைந்துவிட, சந்தை என்ற ஒற்றை ஆள் எழுவாயாக வந்து நிற்கிறான். அவனுக்கு விருப்பம் உண்டு, பயம் உண்டு, கோபமும் உண்டு. வாக்காளர் பட்டியலில் மட்டும் பெயர் இல்லை. நம்மில் சிலர் இதை முதலாளிகளின் சூழ்ச்சி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். வேறு சிலர் புரியாத கணக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். இரண்டும் போதாது. இந்தப் பேச்சுக்குள் இரண்டு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, நடக்கப்போவதை ஊகிப்பது. மற்றொன்று, நடக்கவேண்டியதை வற்புறுத்துவது. இவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

2

ஊகம் நன்றாகப் பலிக்கிற இடம் சரக்குகளின் விலை. பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூன் முதல் அதன் விலையை எண்ணெய் நிறுவனங்கள் அன்றாடம் திருத்துவதாக ஏற்பாடு. ஆனால் 2021 நவம்பர் 4இல் வரி குறைக்கப்பட்ட பிறகு 2022 மார்ச் 21 வரை, 137 நாட்கள் விலைப்பலகை அசையவில்லை. இடையில் உக்ரைன் போர் தொடங்கி, கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 130 டாலரையும் தாண்டியது. உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உள்ளிட்ட 5 மாநிலங்களின் தேர்தல் முடிவு மார்ச் 10இல் வந்தது. மார்ச் 22 முதல் விலை ஏறத் தொடங்கியது. சந்தையில் பேசிக்கொண்டவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்ததற்கு ஞானதிருஷ்டி காரணமல்ல. ஓட்டுக்குப் பயப்படுகிற அரசின் கை எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

வெங்காயம் இன்னும் தெளிவான உதாரணம். 1998இல் தில்லியிலும் ராஜஸ்தானிலும் பா.ஜ.க. ஆட்சியை இழந்ததற்கு வெங்காய விலையும் ஒரு காரணம் என்பது அரசியல்வாதிகள் மறக்காத பாடம். 2023 டிசம்பர் 8இல், மக்களவைத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. நகரத்துச் சமையலறைகளுக்கு அது நிம்மதி. மகாராஷ்டிரத்தின் நாசிக் வட்டாரத்து விவசாயிக்கோ விளைந்ததற்கு விலை இல்லை. அங்கே வாக்குப்பதிவு மே 20. தடை நீங்கியது மே 4இல். அதுவும் டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலை, 40 சதவீத ஏற்றுமதி வரி என்ற விலங்குகளோடு. நாசிக், திண்டோரி இரு தொகுதிகளையும் ஆளும் கூட்டணி இழந்தது. திண்டோரியில் தோற்றவர் ஒரு மத்திய இணையமைச்சர். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. வெங்காயம் அவற்றில் ஒன்றாக இருந்ததை மறுக்க ஆளில்லை.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. வெங்காய விவசாயிக்கும் சந்தை பற்றிக் கருத்து இருக்கிறது. ஏலத்தை நிறுத்தி, சாலையை மறித்து அவர் அதைச் சொல்லத்தான் செய்தார். 'சந்தை அதிருப்தி' என்று எந்தப் பத்திரிகையும் அதற்குத் தலைப்புப் போடவில்லை. 'விவசாயிகள் போராட்டம்' என்றுதான் போட்டது. இவ்வளவுக்கும் அவர் நிற்குமிடத்தின் பெயர்தான் உண்மையில் சந்தை.

3

பங்குச் சந்தைக்கு வருவோம். இங்கே ஊகத்தின் தன்மை வேறு. 1936இல் வெளியான தன் பொதுக் கோட்பாட்டு நூலில் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் பங்குச் சந்தையை ஒரு பத்திரிகைப் போட்டிக்கு ஒப்பிட்டார். நூறு புகைப்படங்களிலிருந்து ஆறு அழகிய முகங்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பெரும்பான்மையோரின் தேர்வோடு யாருடைய தேர்வு ஒத்துப்போகிறதோ அவருக்குப் பரிசு. ஆகவே புத்திசாலிப் போட்டியாளன் தனக்குப் பிடித்த முகத்தைக் குறிப்பதில்லை. மற்றவர்கள் எதைக் குறிப்பார்கள் என்றும், மற்றவர்கள் மற்றவர்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றும் யோசிக்கிறான். தேர்தல் காலத்துப் பங்குப் பேச்சும் இதுதான். இன்ன கட்சி வந்தால் தொழில் கெடும் என்று ஒருவர் நம்பவேண்டியதில்லை. மற்றவர்கள் நம்புவார்கள் என்று நம்பினால் போதும், அவர் விற்றுவிடுவார். அப்புறம் பயம் தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்கிறது.

2004 மே மாதத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். 'இந்தியா ஒளிர்கிறது' பிரச்சாரம் தோற்று, 59 உறுப்பினர்கள் கொண்ட இடதுசாரிகளின் ஆதரவில்லாமல் காங்கிரஸ் கூட்டணி ஆளமுடியாது என்ற நிலை. அரசு நிறுவனப் பங்குகளை விற்பதற்கென்றே இருந்த அமைச்சகத்தைக் கலைக்கவேண்டும் என்று இடதுசாரித் தலைவர்கள் பேசினர். மே 17, திங்கட்கிழமை. சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 842 புள்ளிகள் சரிந்தது. வர்த்தகம் இருமுறை நிறுத்தப்பட்டது. முடிவில் 564 புள்ளிகள், அதாவது 11 சதவீதத்துக்கு மேல் இழந்து 4505இல் நின்றது. இன்னும் அரசே அமையவில்லை. ஒரு கோப்பில்கூட எவரும் கையெழுத்திடவில்லை.

ஊகம் என்ற அளவில் இந்தப் பயம் அப்பட்டமான தவறு. அதே இடதுசாரிகளின் ஆதரவோடு ஆட்சி நடந்துகொண்டிருந்த 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தாண்டியது. நான்கு மடங்குக்கும் அதிகம். உலகெங்கும் பணம் வழிந்தோடிய காலம் அது என்பது உண்மை. ஆனால் வரப்போகும் அரசு அதைத் தடுத்துவிடும் என்பதல்லவா 2004இன் பயம்?

வற்புறுத்தல் என்ற அளவிலோ அந்தப் பயம் வெற்றி. சரிவு நடந்த அன்றே காங்கிரஸ் தலைவர்கள் முதலீட்டாளர்களுக்கு உறுதிமொழி கொடுக்க ஓடினார்கள். மறுநாள் சந்தை 8 சதவீதம் மீண்டது. பங்கு விற்பனை அமைச்சகம் தனி அமைச்சகமாக நீடிக்கவில்லை; லாபம் ஈட்டும் அரசு நிறுவனங்களைப் பொதுவாகத் தனியார்மயமாக்குவதில்லை என்றும் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் எழுதப்பட்டது. அது இடதுசாரிகள் பெற்றது. மறுபக்கம், அந்த ஜூலையில் ப. சிதம்பரம் கொண்டுவந்த முதல் பட்ஜெட், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் பங்குகளின் லாபத்துக்கான வரியை நீக்கியது. 2018 பட்ஜெட் வரை அந்த விலக்கு நீடித்தது. அதற்கு ஈடாகக் கொண்டுவந்த பரிவர்த்தனை வரியைத் தரகர்கள் எதிர்த்தபோது அதுவும் குறைக்கப்பட்டது. பயந்தவனுக்குச் சன்மானம் கிடைத்தது. பயமுறுத்தியதாகச் சொல்லப்பட்டவர்களுக்கு ஒரு வாசகம் கிடைத்தது.

2009இல் இடதுசாரிகள் 24 இடங்களாகச் சுருங்கி, அவர்கள் தயவின்றியே அரசு அமையும் என்றானதும், மே 18 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 17 சதவீதம் ஏறியது. ஏற்றம் வரம்பைத் தொட்டதால் வர்த்தகமே நின்றது. 2004இலும் 2009இலும் பிரதமரானவர் ஒருவரே. 2004இல் அமைந்த ஆட்சி ஐந்தாண்டும் முழுமையாக நீடித்தது. ஆகவே 'நிலையான ஆட்சி' என்ற சொல்லுக்குச் சந்தையின் அகராதியில் அகராதி தரும் பொருள் இல்லை. கேள்வி கேட்க ஆளில்லாத ஆட்சி என்பதே அதன் பொருள்.

4

சந்தையின் கருத்துக்கு எதிராக வேறொரு கருத்து எடுபடுமா? எடுபட்டிருக்கிறது. 2006இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் 10 சதவீதப் பங்குகளை விற்க மத்திய அரசு முடிவு செய்தது. தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினர். நிறுவனம் லாபத்தில் நடப்பது அவர்களுக்குத் தெரியும். மத்திய அரசில் பங்கேற்றிருந்த தி.மு.க. விலகப்போவதாக எச்சரித்தது. ஜூலையில் பிரதமர் நெய்வேலியை மட்டுமல்ல, எல்லாப் பங்கு விற்பனைகளையும் நிறுத்திவைத்தார். இது முழு வெற்றியல்ல. 2013இல் விற்பனை மறுபடி வந்தது, அப்போது 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழக அரசின் பொதுத்துறை நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. இருந்தாலும் ஏழு ஆண்டுகள் ஒரு சுரங்க நகரத்தின் கருத்து மும்பைத் தலால் தெருவின் கருத்தைத் தடுத்து நிறுத்தியது. ஊகமாக அல்ல, வற்புறுத்தலாகவே நெய்வேலி பேசியது. அதை மறைக்கவும் இல்லை. அதுதான் வித்தியாசம்.

5

கடைசியாக, தரகர் அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்த அந்தச் சாதாரண ஆட்களிடம் திரும்புவோம். அவர்கள்தான் சந்தையா?

2024 மே மாதப் பேட்டிகளில் பிரதமரும் உள்துறை அமைச்சரும் ஜூன் 4க்குப் பிறகு பங்குகள் ஏறும் என்று பேசினார்கள். ஜூன் 1 மாலை வாக்குச்சாவடிக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்குப் பெருவெற்றி என்றன. ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் ஏறியது. மறுநாள் பா.ஜ.க. 240இல் நின்றபோது 4,389 புள்ளிகள் விழுந்தது. பங்குகளின் மதிப்பில் சுமார் 31 லட்சம் கோடி ரூபாய் ஒரே நாளில் கரைந்தது. ஜூன் 7இல் குறியீடு பழைய உயரத்தைக் கடந்துவிட்டது. பொறுத்திருக்க வசதியுள்ளவனுக்கு அது மூன்று நாள் காய்ச்சல். கடன் வாங்கியோ, கெடு தேதி உள்ள ஒப்பந்தத்திலோ பணம் போட்டவனுக்கு நான்காம் தேதியோடு கதை முடிந்தது.

அப்படிப் போட்டவர்கள் எத்தனை பேர்? பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் முன்பேர ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். 2023-24இல் மட்டும் தரகு நிறுவனங்கள் சொந்தக் கணக்கில் சுமார் 33,000 கோடியும், அந்நிய முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். அந்த லாபத்தின் மிகப் பெரும்பகுதி கணினி நிரல்கள் தாமே வாங்கி விற்றதில் வந்தது. நிரல் யாரோடும் கருத்துப் பரிமாறிக்கொள்வதில்லை. "272 தாண்டுமா சார்" என்று அது கேட்பதில்லை. பேசுகிறவர்கள் இழக்கிறார்கள், பேசாதது ஜெயிக்கிறது.

ஆக, சந்தை நினைக்கிறது என்று எழுதப்படும்போது அங்கே மூன்று பேர் ஒரே பெயரில் நிற்கிறார்கள்: சலுகை கேட்கிற பெருமுதலீடு, நொடிக்கு நொடி வாங்கி விற்கிற இயந்திரம், தன் சேமிப்போடு மாட்டிக்கொண்ட சாமானியன். முதலாமவனின் கோரிக்கைக்கு மூன்றாமவனின் பயம் முகமூடியாகப் பயன்படுகிறது. சிறு முதலீட்டாளன் பாதிக்கப்படுவான் என்று சொல்லித்தான் பெருமுதலீட்டுக்கு வரிவிலக்குக் கேட்கிறார்கள். நாம் அந்தச் சாமானியனைச் சூதாடி என்று ஏசிவிட்டு நகர்ந்தால், அவனை அந்த முகமூடியாகவே விட்டுவைக்கிறோம். வங்கி வட்டி குறைந்து, ஓய்வூதியம் நின்று, பிள்ளையின் படிப்புச் செலவு ஏறிய பிறகுதான் அவர்களில் பலர் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களோடு பேசவேண்டும். அடுத்த தேர்தலில் 'சந்தைக்குப் பயம்' என்ற தலைப்பைப் படிக்கும்போது, எந்தச் சந்தைக்கு, எதைக் கண்டு என்று அவர்களே கேட்பார்களானால், அது ஒரு நல்ல தொடக்கம்.