முன்பாயைச் சுருட்டும் டிரம்: வாங்குறதுக்கு முன்னாடி 5 கேள்விகள்

சின்னாளப்பட்டிக்காரனுக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நான் இதுவரை அதுல ஏறினதுகூட இல்ல. ஆனா எங்க ஊர்த் தறியில, நெய்த துணியைச் சுருட்டுற படமரத்தைச் சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன். ரோலர் ஃபர்லிங் அதோட சொந்தக்காரன்தான்.

புதுச்சேரி ரூபாவும் கேரளத்து தில்னாவும் நம்ம கடற்படையின் தாரிணி படகில் 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி, உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினாங்க. படகுல இரண்டே பேர். இப்படி ஆள் குறைவான படகுல திடீர்னு காத்து ஏறினா, ஒருத்தர் அலையடிக்கிற முனைக்குப் போய்ப் பாயை இறக்கணும். தவறினா கடல்தான். அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் இந்தக் கருவி. பாய்மரத்தை முன்னால இழுத்துப் பிடிக்கிற கம்பியைச் சுத்தி ஒரு அலுமினியக் குழல், கீழே டிரம், மேலே ஸ்விவல். பின்னால உட்கார்ந்தே கயிற்றை இழுத்தா குழல் சுத்தும், பாய் சுருளும்.

சின்னப் படகுக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

1. அளவு பொருந்துமா? படகின் நீளத்தை மட்டும் பார்க்காதீங்க. கம்பியின் விட்டம், அதை மாட்டுற பின்னின் விட்டம் இரண்டும் பொருந்தணும்.

2. டிரம் எவ்வளவு பெருசு? நாம படிச்ச டார்க்தான். ஆரம் கூடினா இழுக்கிற விசை குறையும், ஆனா அதிக நீளம் இழுக்கணும்.

3. கயிறு போதுமா? பலரும் கோட்டை விடுற இடம் இது. 3 மீட்டர் அடிப்பக்கம் உள்ள பாய் லேசான காத்துல தளர்வா, குறைஞ்ச சுத்துல சுருண்டிடும். பலத்த காத்துல இறுக்கமா சுருளும், அதனால சுத்து கூடும். அமைதியான நாள்ல அளந்து கயிறு சுத்தி வச்சா, புயல்ல பாதிப் பாய் வெளியே இருக்கும்போதே கயிறு தீர்ந்திடும். சில சுத்து கூடுதலாவே வைங்க. தறியில பல்சக்கரம் பின்னாடி சுத்தாம பிடிச்சுக்கும். இங்கே பெரும்பாலும் அந்தக் கயிறு மட்டும்தான் பிடிமானம். அறுந்தா பாய் முழுசா விரிஞ்சிடும்.

4. மேலே கோணம் சரியா? பாயை ஏத்துற கயிறு கம்பிக்கு இணையா ஓடினா, குழலோட சேர்ந்து சுத்திக்கும். சுமார் 10 டிகிரி விலகி இருக்கணும். சிக்கினது தெரியாம வின்ச் போட்டு இழுத்தா கம்பியே அறுந்து பாய்மரம் சாயலாம்.

5. பேரிங் எப்படி? புரோஃபர்ல் மாதிரி மூடின பேரிங், ஹார்கன் மாதிரி நல்ல தண்ணி ஊத்திக் கழுவுற திறந்த பேரிங். திறந்ததுன்னா கழுவச் சோம்பல்படக் கூடாது. உப்புத்தண்ணியில அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தொட்டுக்கிட்டிருந்தா அலுமினியம் அரிக்கும். திருகு போடும்போதே அதுக்கான பேஸ்ட் தடவிடுங்க.

கடைசியா நம்ம வெயில். சுருட்டின பாயில் வெளியே தெரியிற ஓரத்துக்கு வெயில் தாங்குற துணிப்பட்டை தைக்கணும். இல்லேன்னா பாய் சீக்கிரம் இத்துப்போகும்.

எதை வாங்கினாலும் கரையில் கட்டியிருக்கும்போதே பத்து தடவை சுருட்டி விரிச்சுப் பாருங்க. பிழை கரையிலேயே தெரிஞ்சிடட்டும்.